ஈரல் பிரட்டலும் ஒரு கணக்கு நோட்டும்

பத்தே நகர்வில் தோற்ற ஓர் ஆட்டத்தை முப்பது வருடத்துக்கு மேலாக மனப்பாடமாக வைத்திருப்பவனை என்ன சொல்வது? என் மனைவி அதற்கு ஒரு வார்த்தை வைத்திருக்கிறாள், அதை இங்கே எழுத முடியாது.

1993. நான் இடைநிலைப் பள்ளியில் படிவம் இரண்டு, வயது பதினாலு. கோலாலம்பூரில் ஒரு பள்ளி மண்டபத்தில் வட்டார அளவிலான சதுரங்கப் போட்டி. செந்தூலில் ரயில்வே குவார்ட்டர்ஸ் பையன்களில் நான்தான் கெட்டிக்காரன் என்ற நினைப்போடு போயிருந்தேன். எதிரே உட்கார்ந்தவன் என்னைவிடச் சின்னவன், கால் தரையில் எட்டவில்லை. நான் கறுப்பு. (செஸ் தெரியாதவர்களுக்கு: பலகையின் நெடுக்கு வரிசைகள் ஏ முதல் ஹெச் வரை, குறுக்கு வரிசைகள் வெள்ளைப் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரை. இ4 என்றால் அந்த இரண்டும் சந்திக்கும் கட்டம்.) அவன் ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இ4க்கு வைத்தான், நான் இ5. அவன் குதிரை எஃப்3, என் குதிரை சி6. மூலைவாட்டில் ஓடும் அவன் பிஷப் சி4க்கு வந்தது. என் இன்னொரு குதிரையை எஃப்6க்குக் கொண்டுவந்தேன். உடனே அவன் குதிரை ஜி5க்குத் தாவியது. பிஷப்பும் குதிரையும் சேர்ந்து என் எஃப்7 சிப்பாயைப் பார்த்தன. ராஜாவைத் தவிர வேறு காவல் இல்லாத கட்டம் அது.

இதுவரை எனக்குத் தெரியும். அடுத்து டி5 என்று சிப்பாயைத் தள்ளி பிஷப்பின் வழியை மறைக்க வேண்டும் என்பதும் தெரியும். தள்ளினேன். அவன் சிப்பாயால் வெட்டினான். என் குதிரையால் நான் திருப்பி வெட்டினேன். ஒரு சிப்பாய் போனது, ஒரு சிப்பாய் வந்தது, கணக்கு சரி. எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் இதைத்தான் செய்யும்.

அவன் குதிரையை எஃப்7இல் போட்டான். என் ராணிக்கும் கோட்டைக்கும் ஒரே நேரத்தில் குறி. வேறு வழியில்லாமல் ராஜாவால் குதிரையை வெட்டினேன். ராணி எஃப்3, செக். இப்போது ராஜாவை இ6க்கு, பலகையின் நட்டநடுவுக்கு நடத்தினால்தான் டி5 குதிரைக்குக் காவல் கிடைக்கும். பதினாலு வயதுப் பையனுக்கு அது புரியுமா? ராஜா என்றால் மூலையில் பத்திரமாக இருக்க வேண்டும் என்று சொல்லித்தான் எல்லோரும் வளர்க்கிறார்கள். ஜி8க்கு ஓடினேன். பிஷப் டி5, செக். ராணியால் வெட்டினேன், அவன் ராணியால் வெட்டினான், செக். நடுவே என் பிஷப்பை வைத்தேன், அதையும் வெட்டினான். மேட். அவன் குனிந்து தரையில் கிடந்த செருப்பைக் காலால் தேடிக்கொண்டிருந்தான்.

இந்தத் தாக்குதலுக்கு இத்தாலிய மொழியிலும் ஆங்கிலத்திலும் வழங்கும் பெயர் ஈரலைக் குறிக்கும். ஆங்கிலப் பெயரைச் சொல்லுக்குச் சொல் தமிழில் வைத்தால் வறுத்த ஈரல். எங்கள் குவார்ட்டர்ஸில் அதற்கு ‘ஈரல் பிரட்டல்’ என்று பெயர் வைத்தோம். பிரட்டப்பட்டவன் நான்.

அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டுத் தாத்தாவிடம் போய் நின்றேன். ரயில்வே பட்டறையில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். தோட்டத்தில் பிறந்து, படித்து, பட்டணத்துக்கு வந்தவர். அவரிடம் அட்டை போன ஓர் ஆங்கிலச் செஸ் புத்தகம் இருந்தது. முதல் நாற்பது பக்கமும் இல்லை, யார் எழுதியது என்று அவருக்கே தெரியாது. மானுவேல் ஆரோன் பேச்சை எடுத்தால் நிறுத்த மாட்டார். பர்மாவில் பிறந்த தமிழர், இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர், 1962இல் ஸ்டாக்ஹோமில் போர்ட்டிஷ், ஊல்மன் என்ற இரண்டு பெரிய ஆட்டக்காரர்களைத் தோற்கடித்தவர் என்று ஆரம்பித்தால் தேநீர் ஆறிவிடும். “கடல் தாண்டிப் பொறந்த நம்ம ஆளுடா” என்று முடிப்பார்.

நான் ராஜாவை ஜி8க்கு ஓட்டிய இடத்தைக் காட்டி அழுதேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. காய்களை எல்லாம் பின்னுக்கு எடுத்து, ஐந்தாவது நகர்வில் நிறுத்தினார். அவன் சிப்பாய் டி5இல் வெட்டி நிற்கிறது, என் குதிரை இன்னும் வெட்டவில்லை.

“சரி. இங்க வேற என்னடா இருந்துச்சு?”

“வேற என்ன தாத்தா, வெட்டத்தானே வேணும்?”

“வேற என்ன இருந்துச்சுன்னு கேட்டேன்.”

அன்று ராத்திரி ஒன்பது மணி வரை அந்த ஒரு நிலையிலேயே உட்கார்ந்திருந்தோம். அந்த ஒரு ராத்திரியில் கற்றது நான் அதற்கு முன்னால் ஆடிய இருநூறு ஆட்டத்தில் கற்றதைவிட அதிகம். மிகைதான், ஆனாலும் அழிக்கப் போவதில்லை.

முதல் மாற்று: சி6 குதிரை ஏ5க்குப் போய் பிஷப்பைத் தாக்குவது. பலகையின் ஓரத்தில் நிற்கும் குதிரைக்குப் பாதி பலம்தான் என்று படித்திருந்ததால் அது என் கண்ணிலேயே படவில்லை. ஆனால் அங்கே போகும்போது அது பிஷப்பை விரட்டிக்கொண்டு போகிறது. பிஷப் பி5இல் செக் சொல்லும். சி6 சிப்பாயால் மறைத்தால் வெள்ளை வெட்டும், கறுப்பு திருப்பி வெட்டும், பிஷப் மறுபடி ஓட வேண்டும். கறுப்புக்கு ஒரு சிப்பாய் குறைவு. அதற்கு ஈடாகக் காய்களை வெளியே கொண்டுவர நேரம் கிடைக்கிறது. மெயின் லைன், அதாவது முதன்மை வழி என்று புத்தகங்கள் சொல்வது இதைத்தான்.

இரண்டாவது: அதே குதிரை டி4க்கு. இதற்கு ஃபிரிட்ஸ் என்று பெயர். பிற்காலத்தில் வந்த கணினி நிரலின் பெயர் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன், பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மானியர் ஒருவருடையதாம்.

மூன்றாவது உல்வெஸ்டாட்: பி5 என்று சிப்பாயை பிஷப்பின் மூக்குக்கு நேராகத் தள்ளுவது. சும்மா கிடைக்கிறதே என்று பிஷப்பால் வெட்டினால் கறுப்பு ராணி டி5இல் வெட்டி உட்காரும். அங்கிருந்து ஒரு பக்கம் பி5 பிஷப், மறுபக்கம் ஜி2 சிப்பாய், இரண்டையும் பார்க்கும். வெள்ளைக்குச் சிறந்த பதில் எது தெரியுமா? பிஷப்பை எடுத்து எஃப்1இல், அது பிறந்த கட்டத்திலேயே கொண்டுபோய் வைப்பது. அங்கிருந்தால் ஜி2க்குக் காவல். ராணி டி5க்கு வந்தால் குதிரை சி3க்கு வந்து அதை விரட்டலாம். தாத்தா இந்த நகர்வைக் காட்டியபோது நான் சிரித்துவிட்டேன். ஐந்து நகர்வு ஆடிவிட்டு பிஷப்பை வீட்டுக்கு அனுப்புவதா? “கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போறவ கணக்கா இருக்கு, ஆனா காரியத்தோட போறா” என்றார்.

நான்காவது மாற்று ஒரு நகர்வு முன்னாலேயே இருக்கிறது. எஃப்7ஐக் காக்கவே காக்காமல் பிஷப்பை சி5க்குக் கொண்டுவந்து, நீ அங்கே வெட்டு, நான் இங்கே எஃப்2இல் வெட்டுகிறேன் என்பது. 1890இல் இதை ஆடிக்காட்டிய டிராக்ஸ்லர் ஒரு பாதிரியார் என்பதை இன்றுவரை என்னால் முழுதாக நம்ப முடியவில்லை.

மறுநாள் தாத்தா ஒரு கட்டம் போட்ட கணக்கு நோட்டைக் கொடுத்தார். இடது பக்கம் ஆடிய நகர்வு. வலது பக்கம் ஆடாத நகர்வும், அதை ஏன் ஆடவில்லை என்பதும். “வலது பக்கம் காலியா இருந்தா என்கிட்ட வராதே.” அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. ஓரங்களைக் கரையான் கொஞ்சம் சாப்பிட்டிருக்கிறது.

இங்கே ஒரு கிளைக்கதை. செந்தூலில் ‘மாமாக்’ கடை என்று நாங்கள் சொல்லும் ஒரு சாப்பாட்டுக் கடையில் வெள்ளிக்கிழமை இரவுகளில் ஒரு மலாய்க்காரரோடு ஆடுவேன். ஓய்வு பெற்ற தபால்காரர். ஆட்டம் முடிந்ததும் போஸ்ட்மார்ட்டம் நடக்கும், அங்கேதான் கூத்து. தமிழில் பலரும் பிஷப்பை மந்திரி என்போம். மலாயில் ‘மெந்தெரி’ என்றால் ராணி. நம்மில் சிலர் கோட்டையை யானை என்பார்கள். மலாயில் ‘கஜா’ என்றால் யானைதான், ஆனால் அது பிஷப். “உன் கஜாவை அங்கே வைத்திருக்கலாமே” என்று அவர் சொல்வார், நான் கோட்டையை முறைத்துக்கொண்டு இருப்பேன். கோட்டைக்கு அவர்கள் சொல்வது ‘தீர்’. அது நம் தேர்தான், எப்போதோ கப்பலேறி வந்து மலாயிலேயே தங்கிவிட்டது. நாமோ தேரை மறந்து யானை, கோட்டை, காஸல் என்று ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். இந்தக் குழப்பத்துக்குப் பயந்துதான் இந்தப் பதிவு முழுக்க பிஷப்பை பிஷப் என்றே எழுதுகிறேன். தமிழ்ப் பற்றாளர்கள் மன்னிக்கவும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இப்போது என் மாணவன் அக்கா மகன். வயது பதின்மூன்று, பிரிக்பீல்ட்ஸ் ஃப்ளாட்டில் இருக்கிறார்கள். ஞாயிறு காலையில் நான் எல்ஆர்டி ரயில் பிடித்துப் போய்விடுவேன். 2024இல் சிங்கப்பூரில் உலகப் பட்டத்துக்காக குகேஷ் ஆடிய பதினாலு ஆட்டத்தையும் கைப்பேசியில் பார்த்ததிலிருந்து அவனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. முதல் ஆட்டத்தில் டிங் லிரென் பிரெஞ்சு டிஃபென்ஸ் ஆடி குகேஷை வீழ்த்தியபோது பையன் அன்று சாப்பிடவில்லை என்று அக்கா போன் செய்தாள். பட்டத்தை முடிவு செய்தது எந்த ஓப்பனிங்கும், அதாவது தொடக்க நகர்வுகளும் இல்லை, பதினாலாவது ஆட்டத்தின் 55ஆவது நகர்வில் டிங் கோட்டையை வைத்த கட்டம். இதை அவனிடம் சொன்னால், “அப்ப ஓப்பனிங் எதுக்கு மாமா?” என்று கேட்பான். ஆகவே சொல்வதில்லை.

அவன் ஆடுவது லண்டன் சிஸ்டம். இன்றைக்கு எந்தச் சிறுவர் போட்டிக்குப் போனாலும் பாதி மேசைகளில் இதுதான் ஓடுகிறது. டி4, பிஷப் எஃப்4, இ3, சி3, குதிரைகள் எஃப்3க்கும் டி2க்கும், இன்னொரு பிஷப் டி3. எதிராளி என்ன ஆடினாலும் இதே சாப்பாடு. எனக்கு இதன்மேல் கொஞ்சம் எரிச்சல் உண்டு, மறைக்கவில்லை. ஓப்பனிங்கில் குற்றமில்லை, உலகச் சாம்பியன்களே ஆடுகிறார்கள். எதிராளி பக்கம் பார்க்காமலே ஏழு நகர்வை ஏழு விநாடியில் ஆடும் பழக்கத்தைத்தான் சொல்கிறேன்.

போன மாதம் ஒரு போட்டியில் தோற்றுவிட்டு வந்தான். முகம் உப்பியிருந்தது.

“மாமா, அவன் லைன்லயே ஆடல.”

எதிராளி செய்தது இவ்வளவுதான். இரண்டாவது நகர்வில் சி5, மூன்றாவதில் ராணியை பி6க்குக் கொண்டுவந்தான். இவன் பிஷப் எஃப்4க்குப் போய்விட்டதால் பி2 சிப்பாய்க்குக் காவல் இல்லை. இவன் பட்டியல்படி குதிரையை எஃப்3க்கு வைத்தான். ராணி பி2ஐத் தின்றது. பிறகு இவன் பதறி, பதறியதில் இன்னும் இரண்டு போய், ஆட்டமே போனது.

காய்களைப் பின்னுக்கு எடுத்து, நான்காவது நகர்வில் நிறுத்தினேன். வேறு என்ன இருந்தது? ராணியை சி1க்கு வைத்துக் காக்கலாம். சிப்பாயை பி3க்குத் தள்ளலாம், அழகில்லை. அரை மணி நேரம் கழித்து அவனே மற்ற குதிரையைத் தொட்டான், சி3க்கு. ராணி பி2ஐ எடுத்துக்கொள்ளட்டும், குதிரை பி5க்குத் தாவினால் சி7இல் கண். எஃப்4 பிஷப்பும் அதே கட்டத்தைத்தான் பார்க்கிறது. “மாமா, பிஷப் அங்க நிக்கிறதே இதுக்குத்தானா?” என்றான். இருநூறு தடவையாவது அந்த பிஷப்பை அங்கே வைத்திருப்பான். ஏன் என்று அன்றுதான் கேட்டான்.

அவனை ஆறுதல்படுத்த ஆனந்த் கதையைச் சொன்னேன். 1988, ஸ்விட்சர்லாந்தில் பீல் என்ற ஊர். ஆனந்த் அந்த வருடம்தான் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆகியிருந்தார். கொலம்பியாவின் சபாட்டாவுக்கு எதிராகக் கறுப்பில் பெட்ரோஃப் என்ற ஓப்பனிங்கை ஆடினார். ஐந்தாவது நகர்வில் பிஷப்பை எஃப்5க்கு வைத்தார், இ4இல் நிற்கும் குதிரைக்குக் காவலாக. முந்தைய வருடம் மைல்ஸும் கிறிஸ்டியன்சனும் ஆடிய ஆட்டத்தில் வந்த நகர்வு அது. இரண்டு பெரிய கிராண்ட்மாஸ்டர்கள் ஆடி டிராவில் முடிந்த ஆட்டம், அச்சில் வந்தது. யார்தான் சந்தேகப்படுவார்கள்? சபாட்டா ராணியை இ2க்கு வைத்தார். ஆனந்த் அங்கேயே ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். மொத்தம் ஆறு நகர்வு.

ஏன் என்று பையனையே பலகையில் கண்டுபிடிக்கச் சொன்னேன். இ4 குதிரை நகர முடியாது, நகர்ந்தால் பின்னால் ராஜாவுக்கு இ வரிசையில் செக். சிப்பாயை டி5க்குத் தள்ளிக் காத்தால் வெள்ளை டி3 என்று தாக்கும், குதிரை போய்விடும். ராணியை இ7க்கு வைத்தால் வெள்ளைக் குதிரை டி5க்குத் தாவி ராணியையே விரட்டும். ஒரு காய் போவது நிச்சயம். பத்து நிமிடத்தில் பையன் இவ்வளவையும் பார்த்துவிட்டான். மைல்ஸ் ராணியை இ2க்கு ஆடவில்லை, அதனால் அந்த ஓட்டை அச்சில் தெரியவில்லை. ஆடாத நகர்வு எந்தப் பதிவிலும் வராது அல்லவா? என் நோட்டின் வலது பக்கம் அதற்குத்தான்.

அதே ஆனந்த் இருபது வருடம் கழித்து, 2008இல் ஜெர்மனியின் பான் நகரில், கிராம்னிக்குக்கு எதிரான உலகப் பட்டப் போட்டியில் செய்ததையும் சொன்னேன். மெரான் என்ற சிக்கலான வழியில் பதினாலாவது நகர்வில் பிஷப்பை பி7க்கு வைத்தார். மூன்றாவது ஆட்டத்தில் கறுப்பில் வெற்றி. கிராம்னிக் ஐந்தாவது ஆட்டத்தில் மறுபடி அதே பாதையில் வந்தார், மறுபடி ஆனந்துக்கே வெற்றி. மற்றவர்கள் நடந்து நடந்து பழகிய சாலையில் யாரும் திரும்பாத சந்து ஒன்றை வீட்டில் உட்கார்ந்து தோண்டி வைத்திருந்தார் அவர்.

“அதெல்லாம் இப்ப இன்ஜின் ஒரு செகண்ட்ல சொல்லிடும் மாமா.”

சொல்லிவிடும், மறுக்கவில்லை. ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் இன்ஜின், அதாவது ஆட்டத்தைக் கணக்கிடும் நிரல், இலவசம், அவன் கைப்பேசியிலேயே இருக்கிறது, எந்த உலகச் சாம்பியனையும்விட வலுவாக ஆடும். முதல் நகர்வுக்கு வெள்ளைக்கு 20 வழி. கறுப்பும் ஒன்று ஆடினால் 400. வெள்ளை இரண்டாவது ஆடினால் 8,902. கறுப்பும் இரண்டாவது ஆடி முடித்தால் 197,281. நாம் தேநீருக்குச் சர்க்கரை போடுவதற்குள் இவ்வளவு கிளை. இதில் ஒவ்வொன்றையும் மனிதன் பார்க்க முடியாது, இன்ஜின் வேண்டும்தான். ஆனால் அது யார் எவ்வளவு முந்தி என்று ஓர் எண்ணைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. ஒரு வழிக்கு 0.3, இன்னொன்றுக்கு 0.1 என்றால் பையன் முதலாவதை மனப்பாடம் செய்கிறான். எங்களைப் போன்ற கிளப் ஆட்டக்காரர்களுக்கு அந்த 0.2இல் ஒன்றும் இல்லை. எதிராளி ஏழாவது நகர்வில் எப்படியும் தப்பு செய்வான், நாமும் செய்வோம். ஆகவே வீட்டில் ஒரு சட்டம்: முதல் அரை மணி நேரம் கைப்பேசி கவிழ்ந்து கிடக்க வேண்டும். அதன் பிறகு இன்ஜினைத் திறந்து, நாம் எழுதிய காரணம் சரியா என்று கேட்கலாம்.

இந்தச் சட்டம் என்மேலேயே திரும்பிய கதையையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வாரம் முன்பு பழைய கணக்கு நோட்டை அவனுக்குக் காட்ட எடுத்துப் போனேன். பெருமைதான், வேறென்ன. ஈரல் பிரட்டல் பக்கத்தில் குதிரை ஏ5க்குப் போகும் மெயின் லைன். எட்டாவது நகர்வில் வெள்ளை பிஷப் எங்கே ஓடுவது என்ற இடம். இடது பக்கம் இ2 என்று எழுதியிருந்தேன். அடுத்து கறுப்பு ஹெச்6 என்று குதிரையை விரட்டும்போது அது எஃப்3க்குப் போகும். அதற்கு எதிரே வலது பக்கம் தாத்தாவின் கையெழுத்தில் ஒரு குறிப்பு. குதிரையை ஹெச்3இல், பலகையின் ஓரத்தில் வைக்கும் நகர்வு. ரஷ்யாவின் சிகோரினுக்கு எதிராகத் தந்தியிலேயே ஆடிய போட்டியில் முதல் உலகச் சாம்பியன் ஸ்டைனிட்ஸ் இதை வைத்துத் தோற்றார், எல்லோரும் சிரித்தார்கள். 1963இல் அமெரிக்காவின் ஃபிஷர் அதைத் தூசி தட்டி எடுத்து பிஸ்கையரை வென்றார்.

அதற்குக் கீழே என் கையெழுத்து, பிஷப்பை டி3க்கு வைக்கும் நகர்வுக்கு எதிரே. காரணம் என்ற இடத்தில் ஒரே வார்த்தை: ‘அசிங்கம்’.

பையன் அதை வாய்விட்டுப் படித்தான். பிறகு கவிழ்ந்து கிடந்த கைப்பேசியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அரை மணி நேரம் முடிந்திருந்தது, தடுக்க முடியவில்லை.

இன்று பெரிய ஆட்டக்காரர்கள் விரும்பி ஆடுவது அந்த டி3தான். இன்ஜினுக்கும் பிடித்திருக்கிறது. நான் பதினாலு வயதில் பார்த்தது, பிஷப் தன் சொந்த டி2 சிப்பாயை அடைத்துக்கொண்டு நிற்கிறது, அதனால் சி1 பிஷப்பும் வெளியே வர முடியாது என்பதை மட்டும். அது இன்றும் உண்மைதான். நான் பார்க்காதது இ4 கட்டம். பிஷப் டி3இல் நின்றால் கறுப்பு இ4 என்று சிப்பாயைத் தள்ள முடியாது. ஜி5 குதிரையை விரட்டினால் அது பின்னால் ஓடாமல் இ4இல், பலகையின் நடுவில் போய் உட்காரும். ‘அசிங்கம்’ என்று எழுதிவிட்டு அதோடு அந்தப் பக்கத்தைத் திருப்பியிருக்கிறேன். தாத்தா அதை எப்படி விட்டார் என்று தெரியவில்லை. ஒருவேளை அவருக்கும் அசிங்கமாகத்தான் பட்டிருக்கும். கேட்க அவர் இல்லை.

“ஏன் அசிங்கம்னு எழுதலையே மாமா” என்றான். “வலது பக்கம் காரணம் எழுதணும்னு நீங்கதானே சொன்னீங்க?”

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவன் பலகையைத் திருப்பி வெள்ளைக் காய்களைத் தன் பக்கம் வைத்துக்கொண்டான். என் கையில் மறுபடி கறுப்பு, 1993 மாதிரியே. இ4, இ5, இரண்டு குதிரைகள், பிஷப், ஜி5, டி5. இந்த முறை குதிரையை ஏ5க்கு வைத்தேன். செக், சி6, வெட்டு, வெட்டு. அவன் பிஷப்பை டி3இல் வைத்து, விரலை எடுக்காமல் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். நான் ஹெச்6. அவன் குதிரை இ4இல் வந்து உட்கார்ந்தது.

வெட்டலாம், பிஷப்பால் திருப்பி வெட்டுவான், அந்த பிஷப் நடுவில் ராஜா மாதிரி நிற்கும். டி5க்குப் போகலாம், பிறகு எஃப் சிப்பாயைத் தள்ளி அவன் குதிரையை விரட்டலாம், ஆனால் என் ராஜா திறந்து கிடக்கும். அக்கா வைத்துவிட்டுப் போன ரொட்டி சானாய் ஆறிக்கொண்டிருந்தது. எஃப்6 குதிரையை எடுத்தேன், இ4க்கு மேல் கொண்டுபோனேன், யோசித்தேன், எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்தேன்.

“தொட்டா ஆடணும், மாமா.”